சரிபாதியில் நிற்கும் எண்

எக்செல் கட்டம் ஒன்றில் ரவுண்ட் சூத்திரம் போட்டு 2.5-ஐ முழு எண்ணாக்கினால் 3 வரும். அதே எக்செலில் மேக்ரோ எழுதும் விபிஏ மொழியின் ரவுண்ட், 2 என்கிறது!

இரண்டுமே பிழையல்ல. சூத்திரம் பள்ளிக்கூட வழியில் போகிறது. சரிபாதி என்றால் பூஜ்யத்திலிருந்து விலகிய பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடும். மைனஸ் 2.5 என்றால் மைனஸ் 3. விபிஏவோ பக்கத்திலுள்ள இரட்டை எண்ணைப் பிடிக்கும். இதற்கு வங்கியாளர் முறை என்று பெயர்.

ஏன் இந்தச் சுற்றுவழி? 0.5, 1.5, 2.5, 3.5 நான்கையும் கூட்டினால் 8. எல்லாவற்றையும் மேலேற்றிக் கூட்டினால் 10. இரட்டை எண் வழியில் 0, 2, 2, 4. கூட்டுத்தொகை மாறாமல் 8. நீண்ட கணக்குகளுக்கு இதுவே நியாயமான வழி.

ஆனால் மேக்ரோவில் பில் போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சூத்திரத்தின் விடையே வேண்டுமென்றால், வொர்க்‌ஷீட்ஃபங்ஷன் வழியாக ரவுண்டை அழைக்க வேண்டும்.