கணிப்பொறிக்கு ஒட்டுப் போடும் கலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டு உடுத்தாத குடும்பம் நம் நாட்டில் அரிது. ஒட்டு என்றாலே வறுமையின் அடையாளம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் உலகின் பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நம்பியிருக்கும் பெருங்கணிப்பொறிகள் ஒட்டுப் போட்டுக்கொண்டேதான் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. மென்பொருளில் காணும் பிழையைத் திருத்த அனுப்பப்படும் சிறு துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேட்ச்’ என்ற பெயருக்கும் ஒட்டு என்பதே பொருள். 1944-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 கணிப்பொறி, துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது. நாடாவில் தவறான துளை விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். இன்று நாடா போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இந்த ஒட்டை எப்படிப் போடுவது, போட்டது பொருந்தாவிட்டால் எப்படிப் பிரிப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் பெருங்கணிப்பொறி

ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று ‘சிஸ்டம்/360’ என்ற கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. இன்றைய ‘ஐ.பி.எம். இசட்’ கணிப்பொறிகள் அதன் வழித்தோன்றல்களே. 1973-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அக்குடும்பத்தைச் சேர்ந்த 370/155 கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையட்டைகளைச் சுமந்து வந்து, அச்சிட்ட விடைத்தாளுக்காக மாணவர்கள் காத்திருந்த காலம் அது.

1978-இல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பங்கு விதிகளை ஏற்க மறுத்து ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த அதன் கணிப்பொறிகளை இனி யார் பழுது பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அப்பொறுப்பை ஏற்றது மத்திய அரசின் சி.எம்.சி. நிறுவனம். அப்பெயரின் விரிவு ‘கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன்’ என்பதாகும். ஒரு நாட்டின் கணிப்பொறி நிறுவனம் பராமரிப்பையே தன் பெயராகக் கொண்டு பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. (2001-இல் அது டாட்டா குழுமத்தின் கைக்கு மாறி, 2015-இல் டி.சி.எஸ். நிறுவனத்துடன் இணைந்தது.)

பழைய கையொட்டு

தொடக்க காலத்தில் சிறு பிழைகளைத் திருத்த ‘சூப்பர்சாப்’ என்ற கருவி பயன்பட்டது. வட்டில் பதிந்துள்ள நிரலின் ஓர் எழுத்தைக்கூட அது நேராக மாற்றிவிடும். ஆபத்தான கருவிதான். ஆயினும் அதற்குள்ளேயே ஒரு காவலும் இருந்தது. முதலில் ‘வெர்’ என்ற கட்டளையால், “இந்த இடத்தில் இன்ன எழுத்துகள்தான் இருக்கின்றனவா?” என்று கேட்க வேண்டும். ஆம் என்றால்தான் அடுத்து வரும் ‘ரெப்’ கட்டளை பழையதை நீக்கிப் புதியதை வைக்கும். இல்லையென்றால் கை வைக்காமல் விட்டுவிடும். அளந்து பார்க்காமல் கத்தரி வைக்காத தையற்காரரின் முறை இது.

ஆனால் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் சேர்ந்தபின் எதை எப்போது போட்டோம், எதன்மேல் எது இருக்கிறது என்று மனத்தால் கணக்கு வைக்க முடியாது. அந்தக் கணக்கை வைக்கவே ‘எஸ்.எம்.பி.’ என்ற நிரலை ஐ.பி.எம். அளித்தது. அதன் விரிவாக்கப்பட்ட வடிவமான ‘எஸ்.எம்.பி./இ’ இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஒட்டின் வகைகள்

எஸ்.எம்.பி./இ நான்கு வகை மாற்றங்களை அறியும். முழு மென்பொருளையோ அதன் புதிய பதிப்பையோ கொண்டுவருவது ‘ஃபங்ஷன்’. வாடிக்கையாளர் கண்டு தெரிவித்த பிழைக்கு ‘ஏபார்’ என்ற எண் வழங்கப்படும். அதற்கு அவசரமாகத் தரப்படும் திருத்தமும் அப்பெயரையே பெறும். நன்கு சோதித்து எல்லாருக்கும் அனுப்பப்படும் திருத்தம் ‘பி.டி.எஃப்.’ தற்காலிகத் திருத்தம் என்பது இப்பெயரின் பொருள். எனினும் அடுத்த பதிப்பு வரும்வரை அதுவே நிலைத்திருக்கும். நாமே எழுதிச் சேர்க்கும் மாற்றம் ‘யூசர்மாட்’.

ஒவ்வொரு ஒட்டும் தன் உறவினரைச் சொல்லிக்கொண்டே வருகிறது. “எனக்கு முன் இன்ன ஒட்டு இருக்க வேண்டும்” என்றும், “நான் வந்துவிட்டதால் இன்ன ஒட்டு தேவையில்லை” என்றும் அதன் தலைப்பில் எழுதியிருக்கும். முன்னது இல்லாமல் பின்னதைப் போட எஸ்.எம்.பி./இ இசையாது.

மூன்று படிகள்

முதற்படி ‘ரிசீவ்’, அதாவது பெறுதல். அன்று காந்த நாடாவில் வந்த ஒட்டு இன்று இணையத்தின் வழியே வருகிறது. அதைப் பெற்றுப் பதிவு செய்து வைப்பதோடு இப்படி முடிகிறது. ஓடும் மென்பொருளில் எதுவும் மாறுவதில்லை.

இரண்டாம் படி ‘அப்ளை’, அதாவது பொருத்துதல். இதற்குமுன் ‘செக்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம். எதுவும் மாறாமல், மாறினால் என்ன ஆகும் என்ற அறிக்கை மட்டும் கிடைக்கும். ஒட்டிலேயே குறை கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அதன்மேல் ‘ஹோல்டு’ என்ற தடை விழுந்திருக்கும்; அத்தடையை மீறுவதற்கு முன் அதன் காரணத்தைப் படித்தாக வேண்டும்.

மூன்றாம் படி ‘அக்செப்ட்’, அதாவது ஏற்றல். இதைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை அறிய வேண்டும். மென்பொருளுக்கு இரு படிகள் உண்டு. அன்றாடம் ஓடுவது இலக்கு நூலகம். அதன் மூலப்படியைக் காப்பது வழங்கல் நூலகம். ‘அப்ளை’ இலக்கு நூலகத்தை மட்டும் மாற்றும். ஒட்டு சரியில்லையென்றால் ‘ரெஸ்டோர்’ கட்டளை வழங்கல் நூலகத்திலிருந்து பழைய பகுதியை எடுத்து மீண்டும் வைத்துவிடும். ‘அக்செப்ட்’ கொடுத்துவிட்டாலோ மூலப்படியும் மாறிவிடும். பிறகு ‘ரெஸ்டோர்’ பயன்படாது.

புதுவை மக்களுக்கு இம்முறை புதிதன்று. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் ‘எத்தா சிவில்’ ஏடுகள் இரு படிகளாக எழுதப்பட்டன. ஒன்று மேரியில் இருக்கும். மற்றது நீதிமன்றத்துக்குச் செல்லும். பின்னால் மாற்றம் வந்தால் மூல வரியை அழிக்கமாட்டார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். ஒரு பெயரில் பிழை நேர்ந்தால் குடும்பத்தின் உரிமையே கெடும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. கணிப்பொறிக்கும் அதே எச்சரிக்கைதான் தேவைப்படுகிறது.

பிரித்தபோது வந்த கேடு

2012 ஜூன் மாதம் பிரிட்டனில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமம், இரவு நேரக் கணக்குப் பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தது. அதில் கோளாறு தெரிந்தது. உடனே புதியதை நீக்கிப் பழையதற்குத் திரும்ப முடிவு செய்தார்கள். திரும்பினால் என்ன ஆகும் என்று முதலில் சோதிக்கவில்லை. வரிசை குலைந்தது. அக்குழுமத்தின் நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பாங்க் உள்ளிட்ட வங்கிகளில் பிரிட்டனில் மட்டும் குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியவில்லை. கட்ட வேண்டிய தவணைகளைக் கட்ட முடியவில்லை. சில வாரங்கள்வரை சிக்கல் நீடித்தது. 2014-இல் கண்காணிப்பு அமைப்புகள் 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. ஒட்டுப் போடுவதற்கு முன் சோதிப்பதுபோலவே, அதைப் பிரிப்பதற்கு முன்னும் சோதிக்க வேண்டும். இதனால்தான் தேர்ந்த பராமரிப்பாளர்கள் ஓடும் வட்டின்மேல் நேராக ஒட்டுப் போடுவதில்லை. வட்டைப் படியெடுத்து, படியின்மேல் ஒட்டுப் போட்டு, சோதனைப் பொறியில் ஓட்டிப் பார்த்து, பின்னரே கணிப்பொறியை அப்புதிய வட்டிலிருந்து தொடங்குவார்கள். பழைய வட்டு தொடப்படாமல் காத்திருக்கும்.

நாமும் கற்கலாம்

பெருங்கணிப்பொறியை நேரில் பார்த்திராத நாம் இதை எப்படிக் கற்பது என்று தோன்றலாம். ‘ஹெர்குலிஸ்’ என்ற இலவச நிரல், சாதாரண மேசைக் கணிப்பொறியையே பழைய ஐ.பி.எம். பொறிபோல் நடந்துகொள்ளச் செய்கிறது. அதில் எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய இயக்க அமைப்பை ஓட்டலாம், எஸ்.எம்.பி.யும் அதனுள் இருக்கிறது. இன்றைய முறையைப் பழக மாணவர்களுக்காக ஐ.பி.எம். நடத்தும் ‘இசட் எக்ஸ்ப்ளோர்’ என்ற இலவசப் பயிற்சி உண்டு.

நான் ஹெர்குலிஸில், நண்பன் ஒருவனின் கணிப்பொறியில் பழகினேன். வரவேற்புச் செய்தி ஒன்றை மாற்ற யூசர்மாட் எழுதி, ‘அப்ளை’ முடிந்த மகிழ்ச்சியில் உடனே ‘அக்செப்ட்’ கொடுத்தேன். மறுநாள் செய்தியில் எழுத்துப்பிழை கண்டு ‘ரெஸ்டோர்’ கேட்டேன், மறுத்துவிட்டது. வட்டுக்குப் படியும் எடுத்து வைக்கவில்லை. முழுவதையும் முதலிலிருந்து நிறுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். “அப்படி என்னடா படிக்கிறே?” என்று அம்மா கேட்டபோது, “ஒட்டுப் போடப் படிக்கிறேன்மா” என்றேன். “போடறது பெரிசில்லே. தையல் பிரியாம போடணும், பிரிச்சா துணி கிழியாம பிரிக்கணும்” என்றார். பாடநூல் பல பக்கங்களில் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

முடிவுரை

புதியது படைப்பவருக்கே புகழ் சேர்கிறது; இருப்பதைக் காப்பவர் பெயர் வெளியே தெரிவதில்லை. பராமரிப்பு செவ்வனே நடந்தால் எதுவும் நடந்ததாகவே தோன்றாது என்பதே அதற்குக் காரணம். ஆயினும் மாதச் சம்பளமும் முதியோர் உதவித்தொகையும் உரிய நாளில் உரியவர் கையில் சேர்வது அத்தகைய கைகளால்தான். எழுதி வைத்துச் செய்வது, சோதித்துச் செய்வது, திரும்பும் வழியை அடைக்காமல் செய்வது ஆகிய மூன்றையும் மாணவப் பருவத்திலேயே பழகிக்கொண்டால், எந்தப் பொறியின்முன் அமர்ந்தாலும் நாம் நம்பத்தக்கவர்களாக இருப்போம்.