இரத்த வாந்தி: அல்சர் என்று அலட்சியம் வேண்டாம்

ஒருவர் இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, "அல்சராக இருக்கும்" என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏனெனில், வயிற்றிலுள்ள இரத்த நாளம் அடைபட்டாலும் இப்படி நேரும்.

குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டு செல்வது போர்ட்டல் சிரை. அதில் இரத்தம் உறைந்து அடைத்துக் கொண்டாலோ, கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டாலோ, உள்ளே அழுத்தம் கூடுகிறது. போக வழியில்லாத இரத்தம் உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் மெல்லிய நாளங்களுக்குள் பாய்கிறது. அவை புடைத்து, ஒருநாள் வெடித்துவிடுகின்றன.

குடிப்பவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பது தவறு. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும், கொழுப்புக் கல்லீரலும்கூட ஈரலைச் சுருங்க வைக்கும். கல்லீரல் நலமாக இருக்கும் சிறுவர்களுக்கும் போர்ட்டல் சிரை அடைப்பால் இரத்த வாந்தி வருவதுண்டு. ஆகவே நோயாளியைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு, எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

அங்கே முதலில் இரத்த அழுத்தத்தைச் சீராக்குவார்கள். நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்க ஆக்ட்ரியோடைடு அல்லது டெர்லிபிரெசின் மருந்தை ஊசி வழியே செலுத்துவார்கள். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஆன்டிபயாடிக்கும் அவசியம். பொதுவாக ஹீமோகுளோபின் 7 முதல் 8 வரை இருக்குமளவுக்கே இரத்தம் ஏற்றுவார்கள். "இன்னும் ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் வற்புறுத்தக் கூடாது. அளவு மீறினால் அழுத்தம் கூடி மீண்டும் கசியலாம்.

பிறகு, இயன்றவரை 12 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாய் நாளங்களுக்கு ரப்பர் வளையம் போடுவார்கள். இரைப்பை நாளமாக இருந்தால் அதற்குள் பசை மருந்தைச் செலுத்தி அடைப்பார்கள். அப்படியும் நிற்காவிட்டால், கல்லீரலுக்குள் குழாய் பொருத்தி இரத்தத்திற்கு மாற்றுவழி அமைப்பதும், அறுவை சிகிச்சையும் உண்டு. போர்ட்டல் சிரை அடைபட்ட சிறுவர்கள் பலருக்கு அறுவை சிகிச்சை நிரந்தரத் தீர்வாகவே அமைகிறது.

இரத்தம் நின்றதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. புடைத்த நாளங்கள் மறையும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை வளையம் போட வேண்டும். ப்ரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளை மருத்துவர் கொடுத்தால் தாமாக நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

"இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே" என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்களுக்கே இரத்தக்கசிவு திரும்பவும் வரும் ஆபத்து அதிகம். அவர்களை அழைத்துச் செல்வது குடும்பத்தாரின் பொறுப்பு.