சேவையகத்தில் பொதிகளும் மொடியூல்களும்

மாணவர்களே, 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவு உட்பட இலங்கையின் கரையோரங்களைச் சுனாமி தாக்கியது. காணாமற்போனோரினதும் முகாம்களில் தங்கியிருந்தோரினதும் விபரங்களைப் பதிவதற்காக அவ்வேளை இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய திறந்த மூல மென்பொருளே ‘சஹானா’ ஆகும். முதலில் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட இது, பின்னர் ‘சஹானா ஈடன்’ என்னும் பெயரில் பைதன் மொழியில் அமைந்தது. இத்தகைய மென்பொருள் இயங்கும் சேவையகம் ஒரு நாள் நின்றாலும், தம் உறவினரைத் தேடுவோருக்குப் பதில் கிடையாது. சேவையகங்கள் நிற்பதற்கு நாம் அதிகம் கவனியாத காரணம் ஒன்றை இங்கு நோக்குவோம்.

ஈடன் தனியே இயங்காது. எக்ஸ்எம்எல் வடிவிலான தரவுகளைக் கையாள ‘எல்எக்ஸ்எம்எல்’ என்னும் மொடியூல் அதற்குத் தேவை. மொடியூல் என்பது பிறர் எழுதி வைத்த, நாம் அழைத்துப் பயன்படுத்தத்தக்க செய்நிரற் பகுதியாகும். பஸ்காலில் நீங்கள் அழைக்கும் ‘யூனிட்’ போன்றதே இது.

இந்த மொடியூலைப் பெற இரு வழிகள் உள்ளன. டெபியன், உபுண்டு போன்ற பணிசெயல் முறைமைகளில் ‘அப்ட்’ என்னும் கருவி அதனைப் பொதியாக நிறுவும். பைதனின் சொந்தக் கருவியான ‘பிப்’ அதனை இணையக் களஞ்சியத்திலிருந்து நேரே நிறுவும். அப்ட் தரும் பதிப்பு பழையதாக இருக்கலாம், ஆனால் பரிசோதிக்கப்பட்டது. எல்எக்ஸ்எம்எல் சார்ந்திருக்கும் சி மொழி நூலகங்களையும் அது தானே கொண்டுவரும். பிப் தருவது பெரும்பாலும் புதிய பதிப்பு.

இரண்டையும் கலந்தால் என்ன நிகழும்? இரணைமடுக் குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும்போது, ஒருவர் எவருக்கும் சொல்லாமல் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பினால் கீழ்வயற்காரரின் கணக்குப் பிழைத்துவிடும் அல்லவா? நிர்வாகி அதிகாரத்துடன் பிப்பை இயக்கினால் டெபியனில் புதிய மொடியூல் ‘லோக்கல்’ கோப்புறையினுள் சேரும். பைதன் முதலில் தேடுவது அங்கேதான். எனவே பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்ட முறைமைச் செய்நிரல்களுக்கும் புதியதே கிடைக்கும். அவற்றுட் சில இயங்க மறுக்கும். அப்டின் பதிவேட்டிலோ இம்மாற்றம் இராது. பிழை எங்கே என்று தேடுபவர் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும்! (இதுவே மிகத் தொல்லையான பகுதி.)

2023 இல் வெளிவந்த டெபியன் 12 இதற்கு ஒரு தடை போட்டது. முறைமையின் பைதனுள் நேரே நிறுவ முயன்றால் பிப் மறுத்து, மெய்நிகர் சூழலை அமைக்குமாறு கூறும். மெய்நிகர் சூழல் என்பது ஒரு மென்பொருளுக்கெனத் தனியாக ஒதுக்கப்படும் கோப்புறை. பைதன் 3.3 முதல் (2012) இவ்வசதி பைதனுடனேயே வருகின்றது. ஈடனுக்கு ஒரு சூழல், வேறொரு மென்பொருளுக்கு வேறு சூழல் என வைத்தால் ஒன்றின் மாற்றம் மற்றதைத் தொடாது. தடையை மீறி நிறுவவும் ஒரு கட்டளை உண்டு. சேவையகத்தில் அதனைத் தவிர்க்கவும்.

நிறுவிய மொடியூல்களின் பெயரையும் பதிப்பிலக்கத்தையும் ஒரு கோப்பில் எழுதி வைப்பது நன்று. கணினி பழுதடைந்தால் அதே சூழலை வேறொரு கணினியில் மீள அமைக்கலாம்.

மாதிரி வினா: அப்ட் மூலம் எல்லாப் பொதிகளும் இற்றைப்படுத்தப்பட்ட பின்னரும், மெய்நிகர் சூழலிலுள்ள மொடியூல் ஒன்றின் பாதுகாப்புக் குறைபாடு நீங்கவில்லை. காரணம் யாது?

விடை: அம்மொடியூல் பிப் மூலம் நிறுவப்பட்டது. அப்ட் தான் நிறுவியவற்றை மட்டுமே இற்றைப்படுத்தும். ஆகவே அச்சூழலினுள் பிப்பைக் கொண்டு தனியாக இற்றைப்படுத்த வேண்டும்.