உங்க கால்குலேட்டரை ஏஐ ஏஜென்ட்கிட்ட கொடுக்கிறீங்களா? முதல்ல இதை எழுதி வைங்க



எஸ்ஐபி கணக்குப் போட நான் ஒரு சின்ன டூல் வச்சிருக்கேன். மாசத் தொகை, வருமான சதவீதம், காலம், இந்த மூணையும் கொடுத்தா கடைசியில எவ்வளவு சேரும்னு சொல்லும். அதை ஒரு ஏஐ ஏஜென்ட்டோட இணைச்சு, "மாசம் 10,000 ரூபாய், 12% வருமானம், 10 வருஷம். எவ்வளவு வரும்?"னு கேட்டேன். வந்த பதில்: சுமார் 1,05,400 ரூபாய்.

நாம போடுற பணமே 12 லட்சம் ஆச்சேங்க!

விஷயம் என்னன்னா, என் டூல் காலத்தை மாசக் கணக்குல எதிர்பார்க்கும். ஏஜென்ட் 120னு கொடுக்காம 10னு கொடுத்துடுச்சு. டூலோட விளக்கத்துல நான் எழுதி வச்சிருந்தது ஒரே வரி: "எஸ்ஐபி கணக்கிடும்." அப்போ தப்பு யார் மேல? என் மேலதான்.

இந்தத் தப்பு பார்த்த உடனே தெரிஞ்சுது. தெரியாத தப்புதான் ஆபத்து. அதே 10,000 ரூபாயை ஒவ்வொரு மாச ஆரம்பத்துலயும் 10 வருஷம் போடுறதா வச்சுக்கோங்க. 12%-ஐ 12-ஆல வகுத்து மாசம் 1%னு எடுத்தா, சுமார் 23.23 லட்சம் வரும். வருஷத்துக்கு மொத்தமா 12% வர்ற மாதிரி, கூட்டு முறையில மாசம் 0.949%னு எடுத்தா, சுமார் 22.40 லட்சம்தான். வித்தியாசம் 83,000 ரூபாய். ரெண்டு பதிலும் பார்க்க நியாயமாத்தான் இருக்கும். உங்க டூல் எந்த முறையில கணக்குப் போடுதுன்னு எழுதலைன்னா, ஏஜென்ட்டுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. (12% உதாரணத்துக்கு மட்டும்தான், உத்தரவாதம் இல்லை!)

ஏஜென்ட் எதைப் படிக்குது?

2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபின்னு ஒரு பொது முறையை வெளியிட்டது. ஏஐ-யையும் வெளி டூல்களையும் இணைக்கிற ஒரு பொதுவான பிளக் மாதிரி. இதுல ஒவ்வொரு டூலும் தன்னோட பெயர், விளக்கம், என்னென்ன இன்புட் வேணும்ங்கிற விவரத்தைச் சொல்லணும். பெரும்பாலும் இதை மட்டும் பார்த்துத்தான் ஏஜென்ட் முடிவு எடுக்குது. ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவருக்குச் சந்தேகம் வந்தா பக்கத்து சீட்ல கேட்பார். ஏஜென்ட் பல நேரம் கேட்காது, தானே ஊகிச்சுடும்.

அப்போ என்னென்ன எழுதணும்?

1. அலகு: ரூபாயா, பைசாவா? மாசமா, வருஷமா? 12-ஆ, 0.12-ஆ? இது சின்ன விஷயம் இல்லை. ரேசர்பே ஏபிஐ-ல தொகையைப் பைசாவுலதான் கொடுக்கணும். 500 ரூபாய்க்கு 50000னு அனுப்பணும். இது தெரியாம 500னு அனுப்பினா, அது வெறும் 5 ரூபாய்!

2. எந்த ஆண்டு, எந்த விதி: வரி கால்குலேட்டர்ல "ஆண்டு: 2025"னு மட்டும் இருந்தா குழப்பம்தான். 2024-25 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. அந்த நிதியாண்டுல சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் புது முறையில 75,000, பழைய முறையில 50,000. ஆண்டு, முறை ரெண்டையும் தெளிவாக் கேட்டு வாங்குற மாதிரி எழுதுங்க.

3. எப்போ பயன்படுத்தக் கூடாது: "மொத்தமா ஒரே தடவை போடுற முதலீட்டுக்கு இது இல்லை"ன்னு ஒரு வரி போதும். ஏஜென்ட் தப்பான டூலை எடுக்கிற வாய்ப்பு நல்லாக் குறையும்.

4. தப்பு வந்தா என்ன செய்யணும்: வெறும் "பிழை"ன்னு காட்டாதீங்க. "காலம் 12 மாசத்துக்குக் குறைவா இருக்கு, வருஷத்தைக் கொடுத்துட்டீங்களா?"ன்னு டூல் திருப்பிக் கேட்டா, ஏஜென்ட் தானே திருத்திக்கும்.

5. பார்க்கிற டூலா, பணத்தை நகர்த்துற டூலா: ஆர்டர் போடுற, பணம் அனுப்புற டூல்னா அதை வெளிப்படையா எழுதுங்க. எம்சிபி-யில இதைக் குறிக்கத் தனி இடமே இருக்கு. ஆனா அது குறிப்பு மட்டும்தான், பூட்டு இல்லை. உங்க ஒப்புதல் இல்லாம பணம் நகராத மாதிரி அனுமதியைத் தனியா அமைக்கணும். விளக்கத்துல பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எதையும் எழுதிடாதீங்க.

இப்போ என் டூலோட விளக்கம் இப்படி இருக்கு:

"மாதாந்திர எஸ்ஐபி-யின் முதிர்வுத் தொகையைக் கணக்கிடும். தொகை: ரூபாயில். வருமானம்: ஆண்டுக்கு, சதவீதத்தில் (12 என்றால் 12%), கூட்டு முறையில் மாத விகிதமாக மாற்றப்படும். காலம்: மாதங்களில் (10 ஆண்டு என்றால் 120). தவணை மாதத் தொடக்கத்தில். ஒருமுறை முதலீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. கணக்கிட மட்டுமே, பணம் எதுவும் நகராது."

எழுதி முடிக்க அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. அதே கேள்வியைப் புது சாட்ல கேட்டேன், 22.40 லட்சம்னு சரியா வந்துச்சு. நீங்களும் இப்படி டெஸ்ட் பண்ணுங்க: பதில் ஏற்கனவே தெரிஞ்ச ஒரு கணக்கைக் கொடுத்து, சரியா வருதான்னு பாருங்க. அது சரியா வந்த அப்புறம் உங்க உண்மையான கணக்கைக் கொடுங்க.

உங்க எக்செல் ஷீட்டுக்கும் இதேதான். இன்னைக்கே அதைத் திறந்து, ஒவ்வொரு காலம் தலைப்புலயும் அலகு இருக்கான்னு பாருங்க. வீட்டுக்கடனா, பிஎஃப்-ஆ, பொண்ணு படிப்புக்கான சேமிப்பா, அந்த நம்பரை நம்பித்தானே நாம முடிவு எடுக்கப் போறோம்?