கணினி என்னும் நுணுக்குக்காட்டி

நோயை வெல்ல விரும்புவோர் முதலில் நோயின் காரணத்தைக் காணவேண்டும். கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியாக்களை நுணுக்குக்காட்டி காட்டிற்று. அவற்றினும் நுண்ணிய வைரசுக்களை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டிற்று. ஆயினும் அது காட்டுவது அசைவற்று நிற்கும் தோற்றமே. வைரசின் அணுக்கள் எவ்வாறு அசைகின்றன என்பதை அறிய மீக்கணினி துணைபுரிகின்றது.

எயிட்ஸ் நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. வைரசு இதற்குச் சிறந்த உதாரணமாகும். அதன் பரம்பரைப் பொருள் கூம்பு வடிவான ஓர் உறையினுள்ளே அடங்கியிருக்கின்றது. ஏறத்தாழ 1,300 புரத மூலக்கூறுகள் சேர்ந்து அவ்வுறையை அமைக்கின்றன. அவை ஆறாறாகக் கூடி நிற்கும். பன்னிரண்டு இடங்களில் மட்டும் ஐந்தைந்தாகக் கூடி, உறையை வளைத்து மூடும்.

இவ்வமைப்பை 2013ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அணு அணுவாக விளக்கினர். பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படமெடுத்தனர். இலினோய் பல்கலைக்கழகத்திற் கிளவுஸ் சூல்ற்றன் குழுவினர் அப்படத்துக்கு இசையுமாறு உறையைக் கணினியில் அமைத்தனர். சூழ்ந்துள்ள நீரையும் சேர்த்து எண்ணினால், அதில் 6 கோடியே 40 இலட்சம் அணுக்கள்! ஒவ்வோர் அணுவின் மீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கணித்து, அதனை மிகச் சிறிது நகர்த்தி, மீண்டும் கணிக்கவேண்டும். ஒரு நகர்வுக்குரிய காலம் ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் வரும் ஓரிரு கூறே. இப்பெரும் பணியை, செக்கனுக்குப் பத்துக் கோடி கோடிக்கு மேற்பட்ட கணிப்புகளைச் செய்யவல்ல 'புளூ வாட்டர்ஸ்' என்னும் மீக்கணினி ஆற்றிற்று.

2017இல் வெளியான அடுத்த ஆய்வு, செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கினும் சற்றே கூடிய கால அசைவைக் காட்டிற்று. அத்துணைச் சிறு பொழுதிலேயே ஒருண்மை புலப்பட்டது. அவ்வுறை வெறும் ஓடன்று. உப்பின் அயன்கள் அதனூடே புகுந்து செல்கின்றன.

இவ்வுறையையே தாக்கும் லெனகபவிர் என்னும் மருந்து 2022இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஊசிமூலம் ஏற்றப்படுவது அது. அதனைக் கணினி தனித்து ஆக்கவில்லை. இரசாயனவியலாரின் நெடிய உழைப்பும், நோயாளரிடம் நடந்த பரிசோதனைகளுமே அதனை உருவாக்கின. படமின்றிக் கணிப்பில்லை, பரிசோதனையின்றி மருந்தில்லை. மீக்கணினி மனித அறிவுக்கு மாற்றன்று. அவ்வறிவுக்கு வாய்த்த புதியதொரு கண்ணாகும்.