கீரை இலை மஞ்சளாகுதா? உரத்தைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்க! திருப்பூர் மாடித் தோட்டத்துக்கான அக்வாபோனிக்ஸ் கைடு

கீழே தொட்டியில் ஜிலேபி மீன்கள் நல்லாத்தான் நீந்துகின்றன. மேலே வளரும் கீரையில் மட்டும் புது இலைகள் வெளிறிப்போய் நிற்கின்றன. ‘சத்து பத்தலை போல’ என்று உடனே உரக்கடைக்குக் கிளம்ப வேண்டாம். திருப்பூர் பக்கம் போர் தண்ணீரில் தோட்டம் போட்டிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரின் பி.எச். அளவைத்தான்.

ஒரே தண்ணீர், மூன்று உயிர்கள்

மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். அதுதான் செடிக்கு உணவு. மண்ணே தேவையில்லை. மீன், பாக்டீரியா, செடி மூன்றுக்கும் ஒத்துவரும் பி.எச். 6 முதல் 7 வரை என்கிறது ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 2014 கையேடு. 8-ஐத் தொட்டால் மீன் சமாளிக்கும். ஆனால், தண்ணீரில் இருக்கும் இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாது.

திருப்பூரில் என்ன சிக்கல்?

இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது. அதில் கரைந்துள்ள பைகார்பனேட் பி.எச். அளவைக் குறைய விடாது. இன்னொரு பக்கம், சாயக்கழிவின் உப்பு. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், நிலத்தடியில் இறங்கிய உப்பு, ஆலையை மூடிய மறுநாளே போய்விடாது. அதனால் பி.எச். மீட்டருடன் டி.டி.எஸ். மீட்டரும் அவசியம்.

இலை என்ன சொல்கிறது?

* புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து கிடைக்கவில்லை.
* அடி இலை முழுவதும் மஞ்சள்: நைட்ரஜன் குறைவு. புதிதாகத் தொடங்கிய தொட்டியில் பாக்டீரியா பெருக சில வாரங்கள் ஆகும்.
* அடி இலையில் நரம்பு பச்சை, நடுவே மஞ்சள்: மெக்னீசியம் குறைவு.
* இலை ஓரம் தீய்ந்தது போல: பொட்டாசியம் குறைவு, அல்லது உப்பு அதிகம்.

எப்படிச் சரிசெய்வது?

1. செடித் தொட்டியில் உள்ள கல்லில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், பி.எச். ஏறக் காரணமே அதுதான். மாற்றிவிடுங்கள்.
2. மீன் தொட்டியில் நேரடியாக அமிலம் ஊற்றவே கூடாது. தனி டிரம்மில் உள்ள தண்ணீரில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். பைகார்பனேட் மிச்சம் இருந்தால் பி.எச். திரும்ப ஏறியிருக்கும். கையுறை கட்டாயம். எலுமிச்சைச் சாறு வேண்டாம், அதன் சிட்ரிக் அமிலம் பாக்டீரியாவைப் பாதிக்கும்.
3. தொட்டியின் பி.எச். ஒரு நாளில் 0.2-க்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. உப்பு அதிகம் என்றால் அமிலத்தால் பயனில்லை. சேமித்த மழைநீரைக் கலப்பதே வழி.
5. அன்னபேதி போட்டால் இந்தத் தண்ணீரில் துருவாகப் படிந்துவிடும். ‘கீலேட்’ வகை இரும்பு வாங்குங்கள். பி.எச். 7.5-ஐத் தாண்டியிருந்தால் இ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும்.

தலைகீழாகவும் நடக்கும்

பாக்டீரியா வேலை செய்யச் செய்ய பி.எச். தானாகவே இறங்கும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா மந்தமாகி, அம்மோனியா சேரும். அப்போது பொட்டாசியம் பைகார்பனேட், கால்சியம் ஹைட்ராக்சைடு இரண்டையும் மாற்றி மாற்றி மிகச் சிறிதளவு சேர்க்கலாம். அவசரப்பட்டு ஏற்றினால் ஆபத்து மீனுக்குத்தான். பி.எச். 7-ல் இருந்து 8-க்குப் போனால், அம்மோனியாவின் நச்சு வடிவம் சுமார் 10 மடங்கு கூடும். வெயில் காலத்தில் இன்னும் அதிகம்.

வெளிறிய இலை பழையபடி பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து விடும் தளிர் பச்சையாக வந்தால், தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.