தண்டவாளத்துக்கு மேற்கே ஓர் ஊர்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே நடராசர் கோயிலும் தேரோடும் நான்கு வீதிகளும். கிழக்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நடுவில் தண்டவாளம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அந்தப் பல்கலைக்கழகம், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்ற திட்டத்தோடு எழுந்தது. விடுதிகள், ஆசிரியர் குடியிருப்புகள், பின்னாளில் மருத்துவமனை என்று அது வளர்ந்ததில், சுற்றியுள்ள அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சியாகவே ஆகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் பெட்டியும் பக்கெட்டும் பாயுமாக முதலாண்டு மாணவர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். சில மாதங்களில் சிலருக்கு இது தங்கள் ஊராகிவிடும். சிலரோ வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸுக்காகவே வாரத்தைத் தள்ளுவார்கள். இந்த வித்தியாசத்தைக் கல்லூரிகள் மாணவரின் மனநிலைக் கணக்கில் எழுதிவிடுகின்றன: தன்னம்பிக்கை குறைவு, கூச்ச சுபாவம், வீட்டு ஏக்கம். மனநலப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து ஒரு மணி நேரம் பேச வைத்தால் கடமை முடிந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. புதியவர் ஒருவர் ஊன்றிக்கொள்வது பெருமளவு அந்த ஊரைப் பொறுத்தது. தண்டவாளத்தைத் தாண்டிப் போக அவருக்கென்று நாலு வேலை இருந்தால் ஊர் பிடிபடும். இல்லாவிட்டால் விடுதி அறையின் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் கல்வி நிர்வாகத்துக்கு இது முற்றிலும் தெரியாத விஷயமும் இல்லை. ஏ.ஐ.சி.டி.இ. 2017-18 கல்வியாண்டில் பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகத் திட்டத்தைக் கொண்டுவந்தது; யு.ஜி.சி. 2019இல் ‘தீக்ஷாரம்ப்’ என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் அதுபோன்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, கலை, விழுமியங்கள், அறிஞர் உரைகள் என்று நீளும் ஏ.ஐ.சி.டி.இ. பட்டியலில் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துவருவதும் ஓர் அம்சம். நடைமுறையில் அதுதான் கல்லூரிப் பேருந்தில் ஒரு நாள் சுற்றுலாவாகச் சுருங்குகிறது. சிதம்பரம் பக்கமென்றால் பிச்சாவரம் போய்ப் படகேறி, குழுவாகப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நல்ல இடந்தான். ஆனால் ஆசிரியர் பின்னால் வரிசையாகப் போய்வந்த இடத்தில் யாரும் நம்மை அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. போனஃபைடு சான்றிதழோடு வங்கியில் கணக்குத் தொடங்கப் போகும்போதும், ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடக் கடை தேடும்போதும், கண்ணாடியின் காது உடைந்து சரிசெய்ய அலையும்போதும், மெஸ் சாம்பார் அலுத்துப்போய் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு எங்கே நன்றாயிருக்கும் என்று விசாரிக்கும்போதும்தான் ஊர் ஆளாக ஆளாக அறிமுகமாகிறது. இரண்டாவது முறை போகும்போது ஜெராக்ஸ் கடைக்காரர் “எந்த டிபார்ட்மென்ட் தம்பி?” என்று கேட்டால், அது அறிமுகத் திட்டத்தின் பாதி வேலையை முடித்துவிடும்.

இதற்கு நேர்மாறான நிலையை நெடுஞ்சாலையோரத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் காணலாம். சென்னையைச் சுற்றியும் கோவைப் புறநகரிலும் வயல்வெளியிலும் பொட்டலிலும் எழுந்த வளாகங்கள் அவை. பெரிய மதிலுக்குள் கேன்டீன், ஸ்டோர், சலூன், ஏ.டி.எம். எல்லாம் உண்டு. வெளியே போக அவுட்பாஸ். அதில் வார்டன் கையெழுத்து. சில இடங்களில் பெற்றோருக்கு உடனே குறுஞ்செய்தி. வசதி என்ற பெயரில் விற்கப்படும் இந்த ஏற்பாடு, மாணவருக்கு வெளியே போகும் தேவையையே இல்லாமல் செய்கிறது. நாலு வருஷம் படித்து முடித்தவருக்குப் பக்கத்து ஊரின் சந்தை எந்தக் கிழமை கூடும் என்பதுகூடத் தெரிந்திருக்காது. அரசுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் இருந்துவரும் ‘டிவைடிங்’ முறையை இதோடு ஒப்பிட வேண்டும். மாதச் சாப்பாட்டுச் செலவைச் சாப்பிட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வது அது. மெஸ் பில் ஏன் ஏறியது என்ற சண்டையிலேயே தக்காளி விலையும் அரிசி விலையும் மாணவருக்குத் தெரிந்துவிடும். ஞாயிறு இரவு மெஸ் கிடையாது என்று வைத்திருக்கும் விடுதிகளும் உண்டு. அந்தப் பட்டினி நிர்வாகம் அறியாமல் செய்யும் பேருபகாரம் என்றே சொல்வேன்.

வாராவாரம் வீட்டுக்கு ஓடுகிறவர் எப்படி ஒட்டுவார் என்பது ஆசிரியர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி. இதற்குப் பின்னால் ஒரு கோட்பாட்டுப் பின்புலமும் இருக்கிறது. மாணவர்கள் ஏன் கல்லூரியை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்கர் வின்சென்ட் டின்டோ, 1987இல் வெளிவந்த தன் நூலில் வான் கென்னெப் என்ற மானிடவியலாளரின் சடங்குக் கோட்பாட்டைக் கடன் வாங்கினார். பழைய சமூகத்திலிருந்து பிரிதல், இடைநிலை, புதியதில் சேர்தல் என்ற மூன்று கட்டங்கள். பிரிந்தால்தான் சேரலாம் என்பது அதன் உட்பொருள். வில்லியம் டியர்னி 1992இல் இதை மறுத்தார்: அமெரிக்கப் பழங்குடி மாணவர்களிடம் தங்கள் சமூகத்தை உதறிவிட்டு வா என்று கேட்பது கல்வியாகாது என்றார். வீட்டோடும் சமூகத்தோடும் உள்ள பிடிப்பு மாணவரைப் படிப்பில் நிலைக்க வைக்கலாம் என்பதை டின்டோவும் பிற்பாடு ஏற்றுக்கொண்டார். நம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இது அப்படியே பொருந்தும். அறுவடைக்கு வீட்டுக்குப் போவதும், தங்கையின் சடங்குக்குப் போவதும், மாரியம்மன் திருவிழாவுக்குப் போவதும் பலவீனம் ஆகாது. அவர் வீட்டுக்குப் போவதில் குறை காண்பதைவிட, திங்கள் முதல் வெள்ளிவரை அவருக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கல்லூரிகள் யோசிக்கலாம். தினமும் வீடியோ காலில் அம்மாவோடு பேசுவதைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்.

பாதுகாப்பு என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மதிலும் கேட்டும் புதியவரைக் காக்கத்தானே என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் தமிழ்நாட்டின் மிகக் கொடிய ராகிங் கொலை இதே அண்ணாமலை நகரில், 1996இல், விடுதி அறையொன்றில் நடந்தது. பலியானவர் முதலாண்டு மருத்துவ மாணவர், கொன்றவர் சீனியர். வெளியூர் ரவுடி யாரும் மதிலேறிக் குதிக்கவில்லை. அதன்பின் நிலைமையை மாற்றத் தொடங்கியது சட்டம்: 1997இல் தமிழ்நாடு அரசின் ராகிங் தடைச் சட்டம், 2009இல் யு.ஜி.சி.யின் ஒழுங்குமுறைகள், கட்டணமில்லாப் புகார் எண். மூடிய இடத்தில் சீனியருக்கு வரும் அதிகாரத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. விடுதிக்கு வெளியே நாலு பெரியவர்களைத் தெரிந்த மாணவர், டீக்கடைக்காரரோ நூலகரோ யாராக இருந்தாலும், உள்ளே நடப்பதைச் சொல்ல ஓர் ஆள் உள்ளவர். அதுவும் பாதுகாப்புதான்.

மாணவியர் விஷயத்தில் இந்த மதில் இன்னும் உயரம். மாலை ஆறரைக்கு கேட் பூட்டிவிடும் மகளிர் விடுதிகள் இன்றும் இருக்க, பக்கத்திலேயே ஆண்கள் விடுதியில் ஒன்பது மணிக்கும் யாரும் கேட்பதில்லை. வளாகப் பாதுகாப்பு குறித்து யு.ஜி.சி. அமைத்த குழு 2013இல் அளித்த ‘சக்ஷம்’ அறிக்கை, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது. கேரளத்தில் கல்லூரி மகளிர் விடுதியில் மாலை ஆறிலிருந்து பத்துவரை செல்போனை வாங்கி வைத்ததை எதிர்த்த மாணவிக்கு 2019இல் உயர் நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இந்தக் கதவைச் சத்தமில்லாமல் கொஞ்சம் திறந்தவை வேறு இரண்டு: 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவியின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். படிப்பு நிற்காமல் இருக்கக் கொடுக்கும் பணம் அது. ஆனால் யாரிடமும் கை நீட்டாமல் பஸ் ஏறி, தன் கணக்கிலிருந்து பணம் எடுத்து, தனக்கு வேண்டியதை வாங்கித் திரும்பும் பெண் அந்த ஊருக்குப் புதியவராக நெடுநாள் இருக்க மாட்டார்.

எனக்கே பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஊர் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னது எல்லோருக்கும் ஒன்றுபோல் திறக்கும் இடமா? வாடகைக்கு அறை கேட்டுப் போனால் “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேராகவோ, “சைவமா?” என்று சுற்றிவளைத்தோ கேட்கும் வீதிகள் கல்லூரி ஊர்களில் இருக்கின்றன. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் செய்ததற்குக் காரணம், ஊர் அவர்களுக்கு இடம் தராததுதான். தலித் மாணவர் பலருக்கும், அறை தேடி அலையும் முஸ்லிம் மாணவருக்கும் விடுதியே முதல் நிம்மதி. ஆகவே விடுதிகளைக் குறைத்து மாணவர்களை ஊருக்குள் அனுப்பு என்று யாராவது இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டால் அது தவறு. விடுதி இன்னும் வேண்டும்; நல்ல நிலையில் வேண்டும். கல்லூரி செய்யக்கூடியது, ஊரோடு பேரம் பேசுவது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாடகையிலும் சாப்பாட்டிலும் பிழைக்கும் ஊரிடம் கல்லூரிக்குச் செல்வாக்கு உண்டு. சாதி, மதம் கேட்காமல் அறை தருவோரின் பட்டியலொன்றைக் கல்லூரி அலுவலகம் வைத்திருந்து, புகார் வந்தால் பெயரை நீக்கலாம்.

மற்றதெல்லாம் சில்லறை ஏற்பாடுகள். கிளை நூலகத்தில் உறுப்பினராவது, அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு எங்கே வாங்குவது என்று தெரிந்துகொள்வது, அஞ்சலகத்தில் ஒரு வேலை, சந்தையில் ஒரு வேலை என்று ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு தாள் கொடுத்து, இரண்டு இரண்டு பேராக, ஆசிரியர் துணையில்லாமல் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அவுட்பாஸ் கேட்கக் கூடாது. மகளிர் விடுதிக்கும் அதே நேரம்தான். தனி நிதி எதுவும் தேவையில்லை. மூன்று வார அறிமுகத் திட்டத்தில் சொற்பொழிவுகளுக்கு ஒதுக்கிய பிற்பகல்களில் மூன்றை எடுத்துவிட்டால் போதும். பேச்சாளர்களும் பெரிதாக வருத்தப்பட மாட்டார்கள்.